பதக்கம் வாங்கிய மூன்று பேர்: 2003 இராக் போரைப் பற்றி

பழைய பேப்பர்:

போகிக்குப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். பித்தளை அண்டாவுக்குள் சுருட்டித் திணித்திருந்த ஒரு தினசரி கையில் வந்தது. 2004 டிசம்பர். வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் ஒரு படம்: வெள்ளை மாளிகையில் மூன்று பேர் கழுத்தில் நீலப் பட்டைப் பதக்கத்தோடு நிற்கிறார்கள். நடுவில் அதிபர் ஜார்ஜ் புஷ். தூக்கிப் போட மனம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கினேன்.

அந்த மூவர் யார் தெரியுமா? முதல் ஆள் ஜார்ஜ் டெனட். இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று தவறான சித்திரம் கொடுத்த சிஐஏவின் தலைவர். இரண்டாமவர் ஜெனரல் டாமி ஃபிராங்க்ஸ். பாக்தாதை மூன்றே வாரத்தில் பிடித்தவர், பிடித்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதவர். மூன்றாமவர் பால் பிரெமர், போருக்குப் பின் இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய ஆள். பாக்தாதில் இறங்கிய இரண்டே வாரத்தில் இராக் ராணுவத்தைக் கலைத்தவர். இவர்களுக்குக் கொடுத்தது ஏதோ கலந்துகொண்டதற்கான சான்றிதழ் இல்லை. அதிபர் சுதந்திரப் பதக்கம், அமெரிக்காவில் சிவிலியனுக்குத் தரும் உச்ச விருது. அந்தத் தேதியில் இராக்கில் ஆயுதம் எதுவும் இல்லை என்று அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே அறிக்கை கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இராக்கின் ஃபலூஜா நகரில் இரண்டாவது முறையாகச் சண்டை நடந்து தெருத்தெருவாக இடிந்து கிடந்தது.

இன்னொரு பக்கம் பாருங்கள். போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று வாய்விட்டுச் சொன்ன பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 2002 டிசம்பரில் வெளியேற்றப்பட்டார். பல லட்சம் துருப்புகள் வேண்டியிருக்கும் என்று செனட் குழு முன்னால் சொன்ன ராணுவத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகியை வேலையை விட்டே அனுப்பினார்கள்.

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று போருக்குப் போகும் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களுக்கு விவரம் போதவில்லை என்று ஒரு சமாதானம் சொல்கிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. விவரம் மேசையில் இருந்தது. 'சரி, அப்புறம்?' என்று கேட்டவனைத்தான் அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எதிர்வாதி:

ஐயா, முதலில் ஒரு திருத்தம். ஷின்செகியை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அவருடைய நான்கு வருடப் பதவிக்காலம் 2003 ஜூனில் முடிந்தது, ஓய்வு பெற்றார். இது இணையத்தில் பல வருடமாகச் சுற்றும் கதை. லிண்ட்சே விஷயத்திலும் நிதியமைச்சர் பால் ஓநீலையும் அதே நாளில்தான் போகச் சொன்னார்கள். பொருளாதார அணியையே மாற்றினார்கள். போர்ச் செலவைச் சொன்னது ஒரு காரணம் என்று வேண்டுமானால் சொல்லலாம், அது மட்டுமே என்று சொல்ல முடியாது.

அடுத்தது, 2025இல் உட்கார்ந்துகொண்டு 2003ஐத் தீர்ப்பு சொல்வது சுலபம். இராக் அதிபர் சதாம் உசேன் யார்? 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் விஷவாயு போட்டுச் சுமார் 5,000 குர்து மக்களை ஒரே நாளில் கொன்ற ஆட்சி. 1980இல் ஈரான் மீது படையெடுப்பு, 1990இல் குவைத். அவரை அகற்றுவது அமெரிக்கக் கொள்கை என்று 1998லேயே சட்டம் போட்டார்கள், கையெழுத்திட்டது கிளின்டன். குர்திஸ்தானில் போய்க் கேளுங்கள், அந்தப் போரை இன்றும் விடுதலை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

பழைய பேப்பர்:

ஷின்செகி விஷயம் ஒத்துக்கொள்கிறேன், நானும் அந்தக் கதையை நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அவரை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிப்ரவரி 25இல் அவர் பேசினார். இரண்டே நாளில் துணைப் பாதுகாப்பு அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் நாடாளுமன்றக் குழு முன் வந்து, அந்த எண்ணிக்கை இலக்குக்கு வெகுதூரம் தள்ளிப் போகிறது என்றார். ஒரு நாட்டைப் பிடிப்பதற்குத் தேவையானதைவிடப் பிடித்த பிறகு காவல் காக்க அதிகம் பேர் தேவைப்படும் என்பதைக் கற்பனை செய்யவே கஷ்டமாக இருக்கிறது என்பது அவர் வாதம். பாஸ்னியாவில் அமைதி காக்கும் படையை நடத்திய அனுபவம் ஷின்செகிக்கு இருந்தது. வுல்ஃபோவிட்ஸ் ஒரு நாள்கூடச் சீருடை போட்டவர் இல்லை.

குர்துகள் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

ஃபஹாஹீல் ஏசி:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2003 மார்ச்சில் நான் குவைத்தில் இருந்தேன். ஏசி மெக்கானிக். ஃபஹாஹீலில் ஒரே அறையில் ஆறு பேர், அதில் நான்கு பேர் ராமநாதபுரம் பக்கம்.

பிப்ரவரியிலிருந்தே வடக்கே இராக் எல்லையில் உள்ள அப்தலி போகும் சாலையில் ராணுவ வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மணல் நிறத்தில் லாரி, அதன் மேல் டாங்கி, முடிவே இல்லாமல். எங்கள் ஃபோர்மேன் ஒரு மலையாளி. 'இத்தனை சாமானைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு எவனாவது சும்மா திருப்பி எடுத்துக்கொண்டு போவானா' என்றார். ஐநாவில் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவருக்கு நியூயார்க் செய்தி தேவைப்படவில்லை, சாலையைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

சதாம் ரசாயன குண்டு வீசுவார் என்று ஊரெல்லாம் பயம். கடைகளில் பழுப்பு டேப்பும் பிளாஸ்டிக் தாளும் தீர்ந்துபோயின. எனக்கு வந்த ஃபோன் எல்லாம் ஒரே கேள்வி: 'ஏசியை அணைத்துவிட்டால் வாயு உள்ளே வராதா?' ஜன்னல் ஏசி என்றால் சுவரில் ஓட்டை இருக்கும், சுற்றிலும் இடைவெளி இருக்கும். நான் வீடு வீடாகப் போய் அந்த இடைவெளியைத் துணியும் டேப்பும் வைத்து அடைத்தேன். ஏசியைப் பழுது பார்க்க வந்தவன் ஏசியை மூடிக்கொண்டு திரிந்தேன்.

போர் தொடங்கிய நாளிலிருந்து சைரன். முதல் தடவை ஆறு பேரும் குளியலறைக்குள் போய்க் கதவுக்கு அடியில் ஈரத் துண்டைத் திணித்துக்கொண்டு நின்றோம். நாலாவது தடவை இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி கடற்கரையில் இருந்த ஷர்க் மால் பக்கம் ஏவுகணை விழுந்தது. கட்டடம் சேதம், நேரம் நள்ளிரவு தாண்டியிருந்ததால் பிழைத்தார்கள். மறுநாள் அந்த மாலில் எங்கள் கம்பெனிக்கு வேலை இருந்தது.

எங்கள் முதலாளி தரப்பில் முகமூடி தருவதாகச் சொன்னார்கள். கடைசி வரை வரவில்லை. அதை விடுங்கள்.

எதிர்வாதி சார் சொல்வதையும் நான் மறுக்க மாட்டேன். 1990இல் என் சித்தப்பா அங்கே இருந்தார். சதாம் ஆட்கள் ஆகஸ்ட் 2ஆம் தேதி வந்தபோது பன்னிரண்டு வருடச் சம்பாத்தியம் ஒரே நாளில் போயிற்று. பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான், அம்மானிலிருந்து ஏர் இந்தியா. அந்த விமானங்களில் மொத்தம் ஒன்றே முக்கால் லட்சம் இந்தியர்கள் திரும்பினார்கள் என்பார்கள். சித்தப்பா கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை மட்டும் இருந்தது. அதனால் எங்கள் வீட்டில் சதாமுக்கு ஆதரவாக யாரும் பேச மாட்டோம்.

மூன்றாம் வருஷம்:

நான் பிறந்ததே 2004. கேள்வி முட்டாள்தனமாக இருந்தால் மன்னிக்கவும். ஆயுதமே இல்லை என்றால் சதாம் 'என்னிடம் இல்லை, வந்து பார்த்துக்கொள்' என்று சொல்லியிருக்கலாமே? ஏன் மழுப்பினார்?

பழைய பேப்பர்:

முட்டாள் கேள்வியே இல்லை தம்பி, இந்தக் கதையின் முக்கியமான முடிச்சே அதுதான். பிடிபட்ட பிறகு 2004இல் எஃப்பிஐ அதிகாரி ஜார்ஜ் பீரோ அவரிடம் மாதக்கணக்கில் பேசினார். அதில் தெரிந்தது: சதாமுக்குப் பெரிய பயம் அமெரிக்கா இல்லை, ஈரான். எட்டு வருடம் போர் செய்த பக்கத்து நாடு. தன் கை வெறும் கை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதனால் ஆயுதத்தை அழித்துவிட்டு, அழித்த கணக்கை மட்டும் தெளிவாகக் காட்டவில்லை. அமெரிக்கா நிஜமாகவே படையோடு வரும் என்று அவர் கடைசி வரை நம்பவில்லை. அங்கே ஒரு எடுத்தோம் கவிழ்த்தோம், இங்கே ஒன்று. இரண்டு பேரும் அடுத்தவனைத் தப்பாகப் படித்தார்கள். சதாமைச் சுற்றியும் உண்மை சொல்ல ஆள் இல்லை, அங்கே சொன்னால் வேலை மட்டும் போகாது.

ஆனால் சதாம் 'வந்து பார்த்துக்கொள்' என்று சொல்லவே இல்லை என்பது சரியில்லை. 2002 நவம்பர் 27இல் ஐநா ஆய்வாளர்கள் மறுபடி உள்ளே போனார்கள். ஹான்ஸ் பிளிக்ஸ் குழு சுமார் 700 ஆய்வுகள் செய்தது. ஆயுதக் குவியல் எதுவும் அகப்படவில்லை. 2003 மார்ச் 7இல் பாதுகாப்பு சபையில் பிளிக்ஸ் கேட்டது இவ்வளவுதான்: மீதி வேலையை முடிக்க வருடங்கள் வேண்டாம், வாரங்கள் போதாது, மாதங்கள் கொடுங்கள். அதே நாளில் அணுசக்தி முகமையின் எல்பரடேய், இராக் நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலி என்றார். பதின்மூன்றாம் நாள் குண்டு விழுந்தது. இதைத்தான் எதிர்வாதிக்கும் சொல்ல நினைத்தேன். '2003 நிலையில் நின்று பாருங்கள்' என்கிறீர்கள். 2003 நிலையிலேயே நிற்கிறேன், இது 2003இல் உலகமே நேரலையில் பார்த்த விஷயம்.

குர்துகளுக்கு என் பதில்: ஹலப்ஜா நடந்தபோது அமெரிக்கா சதாம் பக்கம் இருந்தது. 1991 போருக்குப் பிறகு அப்பா புஷ் பேச்சை நம்பிக் குர்துகளும் தெற்கில் ஷியாக்களும் எழுந்தபோது, சதாம் ஹெலிகாப்டர் வைத்து அடக்கியதை வேடிக்கை பார்த்தார்கள். குர்துகள் சந்தோஷப்பட்டது உண்மை. அவர்களுக்காகப் போனார்கள் என்பது பின்னால் ஒட்டிய காரணம்.

எதிர்வாதி:

1991 பற்றிச் சொன்னது சரி, அதில் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் உளவுத் தகவல் முழுக்க வேண்டுமென்றே சமைத்தது என்ற தொனியை ஏற்க மாட்டேன். போரை எதிர்த்த நாடுகளின் உளவு அமைப்புகள்கூட சதாமிடம் ஏதோ மிச்சம் இருக்கும் என்றுதான் நினைத்தன. தப்பாக நம்புவது வேறு, பொய் சொல்வது வேறு.

ஈஸ்ட்ஹாம் அக்கா:

தம்பி எதிர்வாதி, நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன். 2003 பெப்ரவரி 15 அன்று போருக்கு எதிரான ஊர்வலத்தில் நானும் நடந்தேன். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். எம்பாங்மென்ட்டில் தொடங்கி ஹைட் பார்க் போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. பொலிஸ் கணக்கே ஏழரை லட்சம். என்னோடு வந்த இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குத் தப்பி வந்த பெண்கள். 'குண்டு விழுகிற பக்கம் எப்படி இருக்கும் எண்டு இங்க ஆருக்கும் தெரியாது' என்று ஒருத்தி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

நீங்கள் தப்பாக நம்புவது வேறு, பொய் வேறு என்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்குப் பொருந்துவதை மட்டும் நம்புவது. 2002 ஜூலை 23 அன்று பிரதமர் இல்லத்தில் நடந்த கூட்டத்தின் குறிப்பு பின்னால் பத்திரிகையில் வந்தது. வாஷிங்டன் போய் வந்த உளவுத் தலைவர், கொள்கைக்கு ஏற்றபடி தகவல்கள் பொருத்தப்படுகின்றன என்று சொன்னதாக அதில் இருக்கிறது. ஐந்து நாள் கழித்து எங்கள் பிரதமர் டோனி பிளேயர் புஷ்ஷுக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார், முதல் வரியிலேயே 'என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன்' என்று. பாராளுமன்றம் வாக்களித்தது அடுத்த ஆண்டு மார்ச் 18. எட்டு மாதம் முன்னாலேயே வாக்குக் கொடுத்தாயிற்று.

பிரிட்டன் இந்தப் போருக்குப் போனதைப் பற்றிய சில்கொட் விசாரணை 2009இல் தொடங்கி 2016 ஜூலையில் அறிக்கை வந்தது. 26 லட்சம் சொல். முழுக்க ஆர் வாசித்தார்கள்? ஆனால் அதன் மையம் ஒரு வரியில் சொல்லலாம்: சமாதான வழிகள் தீர்ந்துபோகும் முன்னாலேயே போருக்குப் போனார்கள், அந்த நேரத்தில் போர் கடைசி வழியாக இருக்கவில்லை.

ரொபின் குக் பற்றி இங்கே ஒருவரும் கதைக்கவில்லையே? மார்ச் 17 அன்று அமைச்சர் பதவியை விட்டு விலகிப் பேசினார். நான் வேலையிடத்தில் ரீவியில் பார்த்தேன். சதாம் பலவீனமானவன், சுலபமாக வெல்லலாம் என்று போர்த் திட்டம் போடுகிறோம், அதே சதாம் பெரிய ஆபத்து என்று போருக்குக் காரணம் சொல்கிறோம், இரண்டும் எப்படி உண்மையாகும் என்று கேட்டார். முடித்தபோது சபை எழுந்து கைதட்டியது. அந்தச் சபையில் கைதட்டும் வழக்கமே இல்லை. மறுநாள் 412க்கு 149 என்று போருக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்த 412இல் இருந்தார்களோ.

எதிர்வாதி:

குக்கின் அந்தக் கேள்வி நான் கேள்விப்படாதது. நல்ல கேள்வி. யோசிக்கிறேன்.

நெறியாளர்:

உள்ளூர்க் கட்சிச் சண்டையை இங்கே இழுத்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாருடைய தலைவர் யாருக்குப் பயந்தார் என்பதற்கு வேறு இழை இருக்கிறது. இங்கே இராக் மட்டும்.

டெல்லி குளிர்:

நெறியாளர் அனுமதித்தால் இந்தியா சம்பந்தப்பட்ட ஒன்று. கட்சிச் சண்டை இல்லை, சத்தியம்.

2003 ஏப்ரல் 8இல் மக்களவை இந்தப் போரைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முன்னால் ஒரு வார்த்தைக்காக இழுபறி. எதிர்க்கட்சிகளுக்குக் 'கண்டிக்கிறது' என்று அழுத்தமாக இருக்க வேண்டும். வாஜ்பாய் அரசுக்கு அமெரிக்காவை அவ்வளவு உரசக் கூடாது, வருந்துவதோடு நிறுத்தலாம். கடைசியில் 'நிந்தா' என்ற இந்திச் சொல்லைப் போட்டார்கள். இந்தியில் படித்தால் கண்டனம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆங்கிலத்தில் மென்மையாகப் பெயர்த்துக்கொள்ளலாம். நம் நிந்தனை என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். அதில் வருத்தமா இருக்கிறது? வசவு இருக்கிறது. மொழிபெயர்ப்பு என்பது வெளியுறவுத் துறையின் ஒரு கிளை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அமெரிக்கா அப்புறம் ஒரு டிவிஷன் படை கேட்டது, சுமார் 17,000 பேர். வட இராக்கில் காவல் வேலை. அனுப்பினால் மறுகட்டுமான ஒப்பந்தம் கிடைக்கும், வல்லரசோடு சேர்ந்து உட்காரலாம் என்று இங்கே எழுதித் தள்ளினார்கள். வாஜ்பாய் அவசரப்படவில்லை. இழுத்தார், எல்லாத் தரப்பிடமும் பேசினார். ஜூலை 14இல் ஐநா கட்டளை இல்லாமல் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அனுப்பியிருந்தால் எத்தனை சவப்பெட்டி திரும்பி வந்திருக்கும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது. அவர் இழுத்தடிப்பதைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன்.

துருக்கியையும் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து இறங்க 62,000 அமெரிக்கத் துருப்புகளை அனுமதிக்க வேண்டும் என்று மார்ச் 1இல் அங்கே வாக்கெடுப்பு. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஜெயித்துவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி, அதற்கு மூன்று வாக்கு குறைந்தது. தீர்மானம் விழுந்தது. கடலில் துருக்கித் துறைமுகத்துக்காகக் காத்திருந்த கப்பல்கள் சூயஸ் வழியாகச் சுற்றிக் குவைத் போயின.

ஃபஹாஹீல் ஏசி:

ஆமாம், அந்தச் சாமான்கள் லேட்டாக வந்து இறங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாக்தாத் விழுந்த பிறகும் வடக்கே வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. போர்தான் முடிந்துவிட்டதே, இது எதற்கு என்று பேசிக்கொண்டோம்.

தொல்லியல் பித்து:

எனக்கு இந்தப் போர் என்றால் ஒரு ஜாடிதான் ஞாபகம் வரும். இராக்கின் பழைய உருக் நகரத்து வார்க்கா ஜாடி. ஐயாயிரம் வருடத்துக்கு மேல் பழசு. ஒரு மீட்டர் உயரம், சுண்ணாம்புப் பளிங்கு. கீழே தண்ணீர், அதன் மேல் பயிர், அதற்கு மேல் ஆடுகள், அப்புறம் கூடை சுமக்கும் ஆண்கள், உச்சியில் தெய்வத்துக்குப் படையல் என்று வரிசை வரிசையாகச் செதுக்கியது.

2003 ஏப்ரல் 10 முதல் 12 வரை பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சுமார் 15,000 பொருட்கள் போயின. அமெரிக்கப் படை ஊருக்குள் இருந்தது. எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் போட்டிருந்தார்கள், அருங்காட்சியகத்துக்கு இல்லை. 11ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் பத்திரிகையாளர்களிடம் சிரித்துக்கொண்டே பேசினார். டிவியில் ஒரே ஆள் ஒரே ஜாடியைத் தூக்கிக்கொண்டு போவதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், அந்த நாட்டில் அத்தனை ஜாடிகளா இருக்கும் என்று. கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். 'இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும்' என்றார்.

வார்க்கா ஜாடி ஜூனில் திரும்பி வந்தது. மூன்று பேர் ஒரு சிவப்புக் காரில் வந்து, டிக்கியிலிருந்து போர்வையில் சுற்றி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். துண்டு துண்டாக. பீடத்திலிருந்து பிடுங்கியபோது உடைந்திருக்கிறது.

மூன்றாம் வருஷம்:

படித்துவிட்டு அந்த ஜாடியின் படத்தைத் தேடிப் பார்த்தேன். அந்த ஆட்டு வரிசை அழகு.

பழைய பேப்பர் ஐயா, முதல் பதிவில் ராணுவத்தைக் கலைத்தார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். தோற்ற ராணுவத்தைக் கலைப்பது சாதாரணம்தானே? ஜெர்மனியில், ஜப்பானில் செய்யவில்லையா?

பழைய பேப்பர்:

அந்த ஒப்புமையைத்தான் வாஷிங்டனிலும் சொன்னார்கள். பிரெமர் மே 12இல் பாக்தாத் வந்தார். 16இல் முதல் ஆணை: சதாமின் பாத் கட்சியின் மேல்மட்ட நான்கு படிகளில் இருந்த எல்லோரும் அரசு வேலையிலிருந்து வெளியே. அங்கே கட்சி அட்டை இல்லாமல் தலைமை ஆசிரியராகவோ மருத்துவமனை நிர்வாகியாகவோ ஆவது கடினம். ஆகப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் காலி. 23இல் இரண்டாவது ஆணை: ராணுவம் கலைப்பு. சுமார் நான்கு லட்சம் பேர்.

போருக்கு முன்னால் அமெரிக்க விமானங்கள் துண்டுப் பிரசுரம் போட்டன: 'சண்டை போடாதீர்கள், வீட்டுக்குப் போங்கள்.' நிறையப் பேர் அதை நம்பி வீட்டுக்குப் போனார்கள், துப்பாக்கியோடு. தங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். பிரெமருக்கு முன்னால் அங்கே பொறுப்பில் இருந்த ஜே கார்னர் அப்படித்தான் திட்டம் வைத்திருந்தார். அந்தப் படைவீரர்களை வைத்தே சாலை போடலாம், எல்லையைக் காக்கலாம் என்று. பிரெமர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தடுத்துப் பார்த்தார். நடக்கவில்லை.

ஒரு நாற்பது வயது கேப்டனை நினைத்துப் பாருங்கள். சம்பளம் நின்றுவிட்டது, ஓய்வூதியம் கிடையாது, குடும்பத்தில் எட்டு வாய். அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் சண்டை. ஆயுதக் கிடங்குகள் காவல் இல்லாமல் திறந்து கிடக்கின்றன. ஜூன் 18இல் சம்பளம் கேட்டு அமெரிக்க நிர்வாகத் தலைமையக வாசலில் கூடிய முன்னாள் சிப்பாய்களில் இரண்டு பேரை அமெரிக்கப் படை சுட்டுக் கொன்றது. சில நாளில் உதவித்தொகை தருவதாக அறிவித்தார்கள். அதற்குள் கொஞ்சம் பேர் வேறு முதலாளியைப் பிடித்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து மோசூலைப் பிடித்த ஐஎஸ்ஐஎஸ் தளபதிகள் வரிசையில் சதாமின் பழைய அதிகாரிகள் இருந்தார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

ஜெர்மனி ஒப்புமைக்கு வருகிறேன். அங்கே போருக்குப் பின் எப்படி ஆள்வது என்று அமெரிக்க ராணுவம் போர் நடக்கும்போதே வருடக்கணக்கில் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தியது. இராக்கில் கார்னருக்கு அலுவலகம் அமைத்தது 2003 ஜனவரியில். போருக்கு இரண்டு மாதம் முன்னால்.

கணக்குப்பிள்ளை:

வழக்கம்போல என் வேலையைச் செய்துவிட்டுப் போகிறேன். லிண்ட்சே சொன்னது அதிகபட்சம் 20,000 கோடி டாலர். அதற்கு நிர்வாகம் சொன்ன பதில், 5,000 அல்லது 6,000 கோடிக்குள் முடிந்துவிடும் என்பது. 2003 ஏப்ரலில் வளர்ச்சி உதவி முகமையின் தலைவர் நாட்சியோஸ் டிவியில் உட்கார்ந்து, மறுகட்டுமானத்தில் அமெரிக்க வரிப்பணம் 170 கோடி டாலர்தான், அதற்கு மேல் கிடையாது என்றார். மீதி இராக் எண்ணெயிலிருந்து வரும் என்று வுல்ஃபோவிட்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நிஜத்தில் 2014 வரை நேரடிச் செலவு மட்டும் 80,000 கோடி டாலரைத் தாண்டியது. காயம்பட்டு வந்தவர்களின் வாழ்நாள் மருத்துவம் இதில் சேராது. லிண்ட்சே பயமுறுத்துகிறார் என்றார்கள். அவர் சொன்னது நாலில் ஒரு பங்குகூட இல்லை.

இறந்தவர்கள்: அமெரிக்கப் படையினர் சுமார் 4,500 பேர். பிரிட்டிஷ் படையினர் 179. இராக் சிவிலியன்கள், சம்பவம் சம்பவமாக ஆவணப்படுத்தப்பட்டவர்கள் மட்டும், ஒரு லட்சத்துக்கு மேல். முதல் இரண்டு எண்களையும் அரசாங்கங்கள் எண்ணின. மூன்றாவதைத் தன்னார்வலர்கள் செய்தித்தாள் வெட்டி வெட்டி எண்ணினார்கள்.

எதிர்வாதி:

சதாம் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் கார்னர் ஜனவரி விவரம் எனக்குப் புதுசு. ஒரு கல்யாணத்துக்குக்கூட இரண்டு மாதத்துக்கு முன் சமையல்காரரைப் பேசினால் கிடைக்க மாட்டார். இவ்வளவு பெரிய நாட்டை இந்த லட்சணத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்றால், போர் சரி என்று நினைத்தவனுக்குத்தான் அதிகம் கோபம் வர வேண்டும். எனக்கு வருகிறது.

ஃபஹாஹீல் ஏசி:

சார், அந்தக் கல்யாண உதாரணம் அசல்.

பழைய பேப்பர்:

நன்றி எதிர்வாதி. ஈஸ்ட்ஹாம் அக்கா, ஒரு சந்தேகம். பதக்க விஷயத்தில் பிளேயரை விட்டுவிட்டோமே, அவருக்கும் அமெரிக்காவில் கொடுத்தார்கள் இல்லையா?

ஈஸ்ட்ஹாம் அக்கா:

ஓம், 2009 ஜனவரியில் புஷ் பதவி முடிய ஒரு கிழமை இருக்கும்போது அதே சுதந்திரப் பதக்கம். அதோடு முடியவில்லை. 2021 கடைசி நாள் இங்கே கார்ட்டர் பட்டம் அறிவித்தார்கள், இனி அவர் சேர் டோனி. எதிர்த்து இணையத்தில் மனுப் போட்டார்கள், பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் போனது. 2003இல் ஊர்வலத்துக்கு நான் தோளில் தூக்கிக்கொண்டு போன மகளும் அதில் போட்டாள்.

மூன்றாம் வருஷம்:

அப்புறம்? பட்டம் நின்றதா?

ஈஸ்ட்ஹாம் அக்கா:

இல்லை மகன். அடுத்த ஜூனில் வின்ட்சரில் வைத்துக் கொடுத்தார்கள். வெல்வெட் அங்கி, தொப்பியில் வெள்ளை இறகு. நல்ல வெயில் நாள்.